நடுவில் மட்டும் நடக்கும் நாவல் குறித்து மாப்பிள்ளைக்கு

பதிப்பகத்தின் மாடி அறையில் ஜன்னலோரம் அமர்ந்து, ஊரார் எழுதுவதையெல்லாம் பென்சிலும் கையுமாகப் பொறுமையோடு படித்துவரும் அன்பு மாப்பிள்ளை அவர்களுக்கு, தங்கள் மாமனார் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துழைக்காமல் தனியாக இயங்கிவருகிறது. அங்கே தாங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் கண்வலி தணிந்திருக்கும் என்றும், அந்தக் கண்வலிக்கு என் கையெழுத்து காரணமாக இருந்திருக்காது என்றும் நம்புகிறேன்.

நிற்க. தாங்கள் திருப்பி அனுப்பிய என் நாவல் சென்ற மாதம் பத்திரமாக வந்து சேர்ந்தது. தபால்காரர் கட்டைக் கையில் கொடுக்கும்போது, "என்ன சார், இவ்வளவு கனம்?" என்றார். "நாவல்" என்றேன். "நீங்க அனுப்பினதுதானே, அதுக்குள்ள திரும்பிடுச்சா?" என்று கேட்டவர், கேட்டிருக்கக் கூடாதோ என்று அவரே சங்கடப்பட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார். தாங்கள் ஒவ்வொரு பக்கத்தையும் படித்திருக்கிறீர்கள் என்பதற்குப் பென்சில் குறிப்புகளே சாட்சி. மொத்தம் நாற்பத்தோரு அத்தியாயம். அதில் முப்பதின் கீழே "பிறகு?" என்று எழுதியிருக்கிறீர்கள். மீதிப் பதினொன்றின் கீழே "இங்கே பக்கங்கள் விடுபட்டுள்ளன" என்று எழுதியிருக்கிறீர்கள். விடுபடவில்லை மாப்பிள்ளை. அந்தப் பதினொரு அத்தியாயமும் முழுமையானவை. ஒவ்வொன்றிலும் "கதவு பூட்டியிருந்தது" என்ற ஒரே வரிதான் இருக்கும், ஏனென்றால் நான் போன அன்று கதவு பூட்டியிருந்தது.

என் உத்தியோகம் தாங்கள் அறியாததல்ல. முப்பத்து மூன்று வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுத்தேன். ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் ஒரு வீட்டில் யாரோ சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுகொண்டிருப்பார்கள். அடுத்த முறை போனால் அதே வீட்டில் புதுத் திரைச்சீலை தொங்கும். அழுகைக்கும் திரைச்சீலைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன். பழைய மீட்டரில் கண்ணாடிக்கு உள்ளே ஒரு வெள்ளிச் சக்கரம் சுற்றும், அதன் விளிம்பில் சின்னதாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். மதிய நேரத்தில், மாடிப்படிக்கு அடியில், பாதி இருட்டில் நின்று அந்தக் கோடு ஒரு சுற்று போய்த் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தால், வீடு தூங்குகிறதா, யோசிக்கிறதா, சண்டை போட்டு ஓய்ந்திருக்கிறதா என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் எப்படி ஆரம்பித்தது, எப்படி முடிந்தது என்று ஒரு வீட்டைப் பற்றியும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நடுப்பகுதி. அதனால்தான் நாவல் முழுக்க நடுப்பகுதியாகவே அமைந்துவிட்டது. தங்கள் கடிதத்தில், "மாமா, ஒவ்வொரு வீடும் கண்முன் நிற்கிறது. ஆனால் எதுவும் தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை. வாசகர் எந்தப் படியில் ஏறி எந்தப் படியில் இறங்குவார்?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

கடிதத்தோடு தாங்கள் ஒரு படமும் வரைந்து அனுப்பியிருந்தீர்கள். ஒரு கோடு சமமாகப் போய், மெல்ல ஏறி, உச்சிக்குப் போய், சட்டென்று இறங்கி, மறுபடி சமமாகப் போகிறது. கதை இப்படிப் போகவேண்டும் என்று கீழே குறிப்பு. அந்தக் குறிப்பு மடிப்பில் மறைந்திருந்தது. உங்கள் அத்தை படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இது யாருக்கு எடுத்த ஈசிஜி? மாப்பிள்ளைக்கா?" என்று கேட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் தொலைபேசியை எடுத்து மகளிடம், "அவரைப் படியெல்லாம் ஏறவிடாதே, உப்பைக் குறை" என்று சொல்லிவிட்டாள். சென்ற மாதம் தாங்கள் சில நாட்கள் உப்பில்லாமல் சாப்பிட நேர்ந்திருந்தால் அதற்குக் காரணம் அந்தக் கோடுதான். பொறுத்தருள வேண்டும்.

படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, அதன்படியே புதிதாக எழுத உட்கார்ந்தேன். நாயகன் மலையடிவாரத்தில் பிறக்கட்டும் என்று பிறக்கவைத்தேன். ஒன்பது பக்கத்தில் அவன் தவழத்தான் ஆரம்பித்திருந்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனுக்கும் தூக்கம் வந்தது, எனக்கும் வந்தது, இருவரும் ஒன்றாகத் தூங்கிவிட்டோம். எழுந்து பார்த்தபோது பேனா மூடியில்லாமல் கிடந்து, குழந்தை இருந்த இடத்தில் ஒரு பெரிய மைக்கறை இருந்தது. அதோடு அந்த மலையை விட்டு இறங்கிவிட்டேன்.

அடுத்து, முடிவுதானே இல்லை என்கிறார், முடிவிலிருந்தே தொடங்கலாம் என்று பின்னாலிருந்து முன்னாக எழுதிப்பார்த்தேன். அதில் ரீடிங் எடுப்பவர் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முதுகு காட்டாமல் பின்னால் நடந்தே வெளியேறுவார், குடித்த தேநீர் மறுபடி கோப்பைக்குப் போகும், அழுதவர் கண்ணில் நீர் ஏறிப்போய் முகம் தெளிந்துவிடும். எனக்கு என்னமோ அது மிகவும் பிடித்திருந்தது. உங்கள் அத்தை இரண்டு பக்கம் படித்துவிட்டு, "வெந்த சோறு அரிசியாகி மூட்டைக்குள்ள போற மாதிரி இருக்குங்க, பசிக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அந்தச் சமயம் பார்த்து ஃப்யூஸ் வந்தார். ஃப்யூஸ் யார் என்று தங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். என்னோடு வேலை பார்த்த லைன்மேன், கோபம் வந்தால் உடனே அணைந்துபோய் மூலையில் உட்கார்ந்துவிடுவார், அதனால் அந்தப் பெயர். அவர் சொன்னார்: "கரண்ட் போன வழியா திரும்பி வந்தாத்தான் விளக்கு எரியும். உன் கதைக்கு ரிட்டர்ன் ஒயர் இல்லை, அதான் எரியல." ஆகா என்று கடைசி வரியை முதல் வரியோடு சேர்த்து முடிச்சுப் போட்டு, வட்டமாக்கி, அவரிடமே படிக்கக் கொடுத்தேன். நல்ல மனுஷன், நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் ரெண்டாவது சுற்றுக்கும் போய்விட்டார். ஆறாவது வீட்டில் ஒரு அம்மா எப்போதும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டே இருப்பார் அல்லவா, அங்கே வந்ததும் ஃப்யூஸ் போய்விட்டது. "ரெண்டாவது சுத்துலயும் அந்தம்மா போனை வைக்கலைய்யா" என்று சொல்லி மூலையில் உட்கார்ந்தவர், தேநீர் வந்த பிறகுதான் எழுந்தார்.

இதற்கு மேல் செந்தமிழில் எழுதினால் எனக்கு மூச்சு வாங்குகிறது மாப்பிள்ளை, கொஞ்சம் தளர்வாக உட்கார்ந்து எழுதுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அடுத்த நாள் மதியம் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. முன்னாடி பின்னாடி, மேலே கீழே எல்லாம் எதுக்கு, ஊர் எப்படி இருக்கோ அப்படியே நாவலைப் பரப்பிட்டா என்ன? நாற்பத்தோரு அத்தியாயத்தையும் கட்டிலிருந்து பிரிச்சு வீட்டுத் தரையில ஊர் வரைபடம் மாதிரி அடுக்கினேன். நடை பெரிய தெரு. படுக்கையறை வடக்குப் பக்கம். சமையலறை வாசல்ல தையல்காரம்மா வீடு. கட்டிலுக்கு அடியில மூணு பூட்டின வீடு. உங்க அத்தை முதல்ல, "நான் எங்கே காலை வைக்கிறது" என்று சத்தம் போட்டா. அப்புறம் தெரு வழியாவே நடக்கப் பழகிட்டா. நடக்கும்போது குனிஞ்சு ஒரு பக்கம் படிப்பா, தண்ணி எடுத்துட்டுத் திரும்பும்போது அடுத்த பக்கம் படிப்பா. ரெண்டு நாள்ல அவ பேச்சே மாறிடுச்சு. "போன்காரம்மா வீட்டைத் தாண்டித்தானே கண்ணாடி வெச்சேன், காணோமே" என்பா. "பாதிச் சுவருக்கு வெள்ளை அடிச்சிட்டு விட்டிருந்தாரே ஒருத்தர், அவர் வீட்டு மேல துணிக்கூடையை வெச்சிருக்கேன், மிதிச்சிடாதீங்க" என்பா. எங்க கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் வேலைக்குப் போன இடத்துக்கெல்லாம் அவ வந்தது அந்த ரெண்டு நாள்தான். மூணாவது நாள் மதியம் நான் பதினேழாம் வீட்டுப் பக்கத்துல தலையை வெச்சு அப்படியே தரையில தூங்கிட்டேன். ஜன்னல் வெயில் ஒவ்வொரு வீடா நகர்ந்து போயிட்டிருந்துச்சு. தூக்கத்துல நான் ரீடிங் எடுக்கப் போறேன், எல்லா வீட்டுக் கதவும் திறந்திருக்கு, ஒரு வீட்டுலயும் ஆளில்லை, ஆனா எல்லா மீட்டரும் மெதுவா சுத்துது, எனக்குக் கொஞ்சம்கூட அவசரமில்லை. அப்போ ஃப்யூஸ் உள்ளே வந்து, "என்ன இப்படி வேர்க்க வேர்க்கத் தூங்குற" என்று மின்விசிறியை அஞ்சுல வெச்சுட்டார்.

ஊரே பறந்துடுச்சு மாப்பிள்ளை.

பொறுக்கி எடுத்து அடுக்கும்போது ஆறாம் வீட்டுக் காகிதம் உங்க அத்தை கைக்கு வந்தது. அதை வெச்சுக்கிட்டே தரையில உட்கார்ந்துட்டா. "இந்தம்மா போன்ல யார்கிட்டதான் பேசுறாங்க?" என்றா. "எனக்கெப்படித் தெரியும்?" என்றேன். "வீடு அங்கேயேதானே இருக்கு? போய்க் கேட்டுட்டு வாங்களேன். மாப்பிள்ளை கேட்கிற முடிவும் கிடைச்ச மாதிரி இருக்கும்." இது எனக்குத் தோணவே இல்லை பாருங்க. முப்பத்து மூணு வருஷம் கேட்கக் கூடாதுன்னு இருந்தவன், ஓய்வு பெற்று ரெண்டு வருஷம் கழிச்சும் கேட்காமலே இருந்திருக்கேன். மறுநாள் காலையில பழைய காக்கிப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுக் கிளம்பினேன்.

முதல்ல பாதிச் சுவர்க்காரர் வீட்டுக்குப் போனேன். ஆறு வருஷம் அந்தச் சுவர் பாதி வெள்ளை, பாதி மஞ்சளாவே இருந்துச்சு. ஏன் நிறுத்தினார்னு கேட்கணும். கதவு பூட்டியிருந்தது. பழக்கம் விடலை, பையில பேனாவைத் தேடினேன்.

அடுத்தது போன்காரம்மா. மணி அடிச்சேன். கதவைத் திறந்தாங்க. காதுல போன். அன்னிக்குத்தான் முதல்தடவையா அவங்க முகத்தைப் பார்த்தேன். ரொம்பச் சாதாரணமான, நல்ல முகம். கன்னத்துல தலையணைக் கோடு பதிஞ்சிருந்துச்சு. போனைக் கையால பொத்திக்கிட்டு, "மீட்டரெல்லாம் கீழே மாத்திட்டாங்க சார், படிக்கட்டுக்கு வெளியே" என்றாங்க. நான், "இல்லம்மா, நீங்க யார்கிட்ட" என்று ஆரம்பிச்சேன். எப்படி முடிக்கிறதுன்னு தெரியலை. ஒரு பொம்பளைகிட்ட போய், இருபது வருஷமா யார்கிட்ட பேசுறீங்கன்னு எப்படிக் கேட்பது? "சரிங்கம்மா" என்றேன். அவங்க போன்ல, "ஒண்ணுமில்லை, ரீடிங்காரர், நீ சொல்லு" என்று சொல்லிக்கிட்டே கதவைச் சாத்தினாங்க. கீழே இறங்கி வந்து மீட்டரையும் பார்த்தேன். இப்போ அதுல சக்கரமே இல்லை, எண்ணு மட்டும் மாறுது. முகம் தெரிஞ்சதும் அந்த அத்தியாயத்துல ஏதோ குறைஞ்சுபோன மாதிரி இருந்துச்சு. முடிவைத் தேடிப் போறவங்களுக்கு இதெல்லாம் நடக்கும்னு நீங்க ஒரு வார்த்தை எச்சரிச்சிருக்கலாம்.

மூணாவதா தையல்காரம்மா வீடு. மூணு மாடி, லிஃப்ட் கிடையாது, முழங்கால் ஒவ்வொரு படிக்கும் தன் கருத்தைச் சொல்லிச்சு. முன்னறையில அவங்க மெஷின், சுத்தி வெட்டின துணி, ஜன்னல்ல நூல்கண்டு வரிசை. உள்ளறையில அவங்க வீட்டுக்காரர் படுக்கையில இருப்பார், நான் பார்த்ததில்லை, இருமல் மட்டும் கேட்கும். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திட்டு ரொம்ப நேரம் உத்துப் பார்த்தாங்க. அப்புறம், "நீங்க விசில்காரர்தானே?" என்றாங்க.

எனக்குப் புரியலை. "ரீடிங் எடுக்க வருவேனே, அந்த ஆளும்மா" என்றேன்.

"அதான். நாங்க விசில்காரர்னுதான் சொல்லுவோம். கீழே படியேறும்போதே விசில் அடிச்சுட்டு வருவீங்க. இவர் உள்ளே படுத்திருப்பார், அதைக் கேட்டுட்டு, 'ரெண்டு மாசம் ஓடிப்போச்சு பார்'ம்பார். இவருக்கு நாள்காட்டியே நீங்கதான்."

நாற்காலியில இருந்த துணியை எடுத்துட்டு என்னை உட்காரச் சொன்னாங்க. அத்தனை வருஷத்துல அந்த வீட்டுல நான் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்து பார்த்தா அறையே வேற மாதிரி இருக்கு. ஜன்னல்ல எதிர் மொட்டைமாடி தெரியுது, காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் ஒரே பக்கமா ஆடுது.

"அப்புறம் ஏதோ ஒரு வருஷம் விசில் அடியோட நின்னுடுச்சு" என்றாங்க அவங்க. "திடீர்னு. வருவீங்க, எழுதுவீங்க, போவீங்க, சத்தமே இருக்காது. எனக்கும் இவருக்கும் அதே பேச்சுதான். நான், யாரோ மேலதிகாரி திட்டியிருப்பார்னு சொன்னேன். இல்லை, ஏதோ வேண்டுதலா இருக்கும்னு சொன்னேன். இவர் ஒத்துக்கவே மாட்டார். 'வீட்டுல ஏதோ ஆயிருக்கு, யாரோ போயிருக்காங்க'ன்னு ஒரே பிடியா நிற்பார். எத்தனையோ சாயங்காலம் உங்களை வெச்சு ஓட்டியிருக்கோம், தப்பா நினைக்காதீங்க. உங்ககிட்டயே கேட்கலாம்னு பார்த்தா, நீங்க நிற்கிறது மூணு நிமிஷம்."

மாப்பிள்ளை, அந்த இடத்துல எனக்குத் தலை லேசா சுத்துச்சு. நான் இந்த வீட்டை ஒரு அத்தியாயமா எழுதிட்டிருந்த காலத்துல, இவங்க ரெண்டு பேரும் என்னை வெச்சு ஒரு கதை எழுதிட்டு இருந்திருக்காங்க. அதுலயும் ஆரம்பம் இல்லை, முடிவு இல்லை. நான் முடிவு கேட்டு வந்தவன், அவங்க என்கிட்ட முடிவு கேட்குறாங்க.

"என்னதான் ஆச்சு?" என்றாங்க.

நான், "பொண்ணு வீட்டை விட்டுப் போயிட்டாம்மா" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் அதுவரைக்கும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அவ போன இந்த ஒன்பது வருஷத்துல யாராவது கேட்டா, "வெளியூர்ல வேலை"ம்பேன், "அங்கேயே பதிவுத் திருமணம், செலவு மிச்சம்"ம்பேன். ஃப்யூஸ்கிட்டகூடச் சொல்லலை. முன்பின் உட்கார்ந்து பேசாத வீட்டுல, நூல்கண்டைப் பார்த்துக்கிட்டே சொல்லிட்டேன். ஒரு காலையில அவ கட்டில் மேல கடிதம் இருந்ததையும், அதுல உங்க பேரு இருந்ததையும், அந்தப் பேரை நான் ரெண்டு வருஷம் வாயால சொல்லாததையும் சொன்னேன். அவங்க கேட்டுக்கிட்டே கையில ஒரு பொத்தானைத் தைச்சுட்டு இருந்தாங்க. உள்ளறையிலிருந்து குரல் வந்துச்சு.

"யாரு?"

"விசில்காரர்."

"கேட்டியா, ஏன் நிறுத்தினார்னு?"

"பொண்ணு போயிடுச்சாம். யாரையோ கல்யாணம் பண்ணிக்கிட்டு."

உள்ளே இருமல் ஒருமுறை கேட்டுச்சு. அப்புறம், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு குரல். அவ்வளவு நிம்மதியா ஒரு மனுஷன் பேசி நான் கேட்டதில்லை. தையல்காரம்மா, "சரி, நீங்கதான் ஜெயிச்சீங்க" என்று உள்ளே பார்த்துச் சொல்லிட்டு, என்கிட்ட மெதுவா, "திரும்பி வந்துச்சா?" என்றாங்க.

வந்தாங்கன்னு சொன்னேன். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அன்னிக்கு மழை. அவ பின்னாடி நின்னா. நீங்க ஈரக் குடையைக் கையில வெச்சுக்கிட்டு எங்கே வைக்கிறதுன்னு தெரியாம நின்னீங்க. நான் மூலையைக் காட்டினேன். "பஸ் கிடைச்சுதா?" என்றேன். "கிடைச்சுது மாமா" என்றீங்க. "மழையோ?" என்றேன். நனைஞ்சு நிற்கிற ஆளைப் பார்த்து. "ஆமா மாமா" என்றீங்க. "சரி" என்று சொல்லிட்டு உள்ளே போயிட்டேன். அது ஆச்சு ஏழு வருஷம். இன்னிக்கும் நீங்க வந்தா நான் பஸ் கிடைச்சுதான்னுதான் கேட்கிறேன். ரெண்டு வருஷம் முன்னாடி நீங்க கார் வாங்கின பிறகும் அதையேதான் கேட்கிறேன். நீங்களும் பெரிய மனசு பண்ணி "கிடைச்சுது மாமா" என்றே சொல்றீங்க. இவன் மீட்டர் பார்க்க வந்தவன் மாதிரி மூணு நிமிஷத்துக்கு மேல நம்மகூட நிற்கிறதில்லையேன்னு நீங்க நினைச்சிருப்பீங்க. அன்னிக்கு உள்ளே போய் நான் என்ன பண்ணினேன்னு உங்களுக்குத் தெரியாது. மாடிப்படிக்கு அடியில நம்ம வீட்டு மீட்டர் முன்னாடி நின்னுட்டிருந்தேன். ரெண்டு வருஷமா அந்தச் சக்கரம் நடக்க முடியாதவங்க மாதிரி ஊர்ந்துட்டிருந்துச்சு. அன்னிக்கு அவ அவளோட அறைக்குப் போய் விளக்கைப் போட்டா, மின்விசிறியைப் போட்டா, உங்க அத்தை சமையலறையில எல்லாத்தையும் ஒண்ணா ஓடவிட்டா. சிவப்புக் கோடு ஓடுது, ஓடுது, கண்ணுக்கே பிடிபடலை. நான் அதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். வெளியே வந்து உங்ககிட்ட சொல்ல வேண்டியதை அதுகிட்ட சொல்லிட்டிருந்தேன்னு வெச்சுக்கங்க.

இதைத் தையல்காரம்மாகிட்ட சொன்னப்போ, "இதை அவர்கிட்ட சொன்னீங்களா?" என்றாங்க. "இல்லை" என்றேன். "மாடிப்படி ஏறி வந்து என்கிட்ட சொல்றீங்களே" என்று சிரிச்சாங்க.

ஆகவே மாப்பிள்ளை அவர்களே, இப்போது முறையாகத் தெரிவித்துக்கொள்வது யாதெனில், தாங்கள் சொன்னதே சரி. நாவலுக்கு முடிவு வேண்டும். வீட்டுக்கு வந்து மூன்று மதியம் உட்கார்ந்து நாற்பத்திரண்டாவது வீட்டை எழுதிவிட்டேன். அது நம் வீடு. ஊரெல்லாம் விசிலடித்துக்கொண்டு போன ஒரு மனிதர் மகள் போன துக்கத்தில் விசிலை நிறுத்துவதும், ஒரு மழை நாளில் மகளும் மருமகனும் வாசலில் வந்து நிற்பதும், அவர் மீட்டர் முன்னால் போய் நின்றுகொள்வதும்தான் அத்தியாயம். தங்கள் படத்தில் உள்ள உச்சி இதுதான் என்று நினைக்கிறேன். இதைக் கடைசியில் வையுங்கள். முதல் அத்தியாயத்திலேயே அவர் விசிலடிப்பதாக ஒரு வரி சேர்த்துவிட்டேன். நடுவில் உள்ள வீடுகளில் அது மெல்லக் குறைந்துகொண்டே வரும். இப்போது வாசகருக்கு ஏறப் படியும் உண்டு, இறங்கப் படியும் உண்டு. தலைப்பை "நின்றுபோன விசில்" என்று மாற்றியிருக்கிறேன். பூட்டிய வீடுகளை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏழு வருடத்துக்கு மன்னிப்பு என்ற சொல்லைத் தனியாக எழுதினால் அது பக்கத்தில் சரியாக உட்கார மறுக்கிறது, ஆகையால் அத்தியாயத்தையே அனுப்பியிருக்கிறேன்.

என் மகளுக்கு என் ஆசிகள். அவள் நூறு வயது வாழட்டும், தாங்கள் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். தங்கள் கண்ணுக்கும் பென்சிலுக்கும் நல்ல வெளிச்சம் கிடைக்கட்டும். உங்கள் அத்தை, உப்பை மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லச் சொன்னாள். ஃப்யூஸும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் நலம் நாடும் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுறதுக்கு முன்னாடி உங்க அத்தை கடிதத்தை முழுசா படிச்சுட்டா. கண்ணெல்லாம் துடைச்சுக்கிட்டா. அப்புறம், "எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, ஆனா விசில் நின்னது பல்லு போனதாலங்க" என்றா.

எனக்கு ஒண்ணும் புரியலை. அவ விளக்கிச் சொன்னா. அந்த வருஷம் ஏதோ ஒரு வீட்டுல உயரமா இருந்த மீட்டரைப் பார்க்க ஸ்டூல் மேல ஏறி நான் விழுந்தேனாம், முன்பல் ரெண்டும் போச்சாம், கட்டின பல்லுல காத்துதான் வந்துச்சாம், விசில் வரலையாம். ரெண்டு நாள் குளியலறையில நின்னு முயற்சி பண்ணிப் பார்த்துட்டு விட்டுட்டேனாம். பொண்ணு போனது அதுக்கு அஞ்சு மாசம் கழிச்சுத்தானாம். நாக்கால தடவிப் பார்த்தேன். ஆமாம் மாப்பிள்ளை, ரெண்டும் கட்டின பல்லுதான். தையல்காரம்மா வீட்டுல பொண்ணைப் பத்திப் பேசிட்டு இருந்த நேரத்துல பல்லு எனக்கு ஞாபகத்துக்கே வரலை. பொய் சொல்லணும்னு சொல்லலை. மாடியேறிப் போய் அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடட்டுமான்னு கேட்டேன். உங்க அத்தை, "அந்த மனுஷன் இத்தனை வருஷம் கழிச்சு ஜெயிச்சுட்டுப் படுத்திருக்கார், போய்க் கெடுக்காதீங்க" என்றுட்டா.

"அப்போ அவ போன வருஷம் எனக்கு ஒண்ணுமே ஆகலையா?" என்று கேட்டேன். கொஞ்சம் பயந்துதான் கேட்டேன்.

அவ என்னை ஒரு மாதிரி பார்த்தா. "உங்களுக்கு நெஜமாவே ஞாபகம் இல்லையா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவ அலமாரியிலிருந்து துணியெல்லாம் எடுத்து இஸ்திரி போடுவீங்க. போட்டு, மடிச்சு, திரும்ப வெப்பீங்க. யாரும் உடுத்தாத துணி, அடுத்த ஞாயிறு மறுபடி எடுத்துப் போடுவீங்க. ரெண்டு வருஷம். நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மழையில நனைஞ்சு வந்தாளே, அன்னிக்கும் ஞாயிறு, அவ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் போட்டு வெச்சிருந்தீங்க. மாத்துத் துணி எடுக்க அலமாரியைத் திறந்தவ, துணி மேல கையை வெச்சுக்கிட்டு அப்படியே நின்னா. சூடு இருந்துச்சாம்."

எனக்கு இதுல ஒரு துளிகூட ஞாபகம் இல்லை மாப்பிள்ளை. ஆனா உங்க வீட்டுல ஒருத்திக்குத் தெரிஞ்சிருக்கு, உங்ககிட்ட சொல்லியிருக்காளான்னு கேளுங்க. ஆகையால் மேலே எழுதினதில் ஆசிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடவும். நாற்பத்திரண்டாம் அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்ப வேண்டாம், தலைப்பும் வேண்டாம். மலையும் வேண்டாம், வட்டமும் வேண்டாம். ஒரு ஆள் நின்னு துணி தேய்க்கிறான், அவ்வளவுதான் இருக்கும் போலிருக்கு. அதை எப்படி ஆரம்பிக்கிறதுன்னும் தெரியலை, எங்கே முடிக்கிறதுன்னும் தெரியலை. பார்த்து எழுதுறதுக்கு வசதியா இருக்கட்டும்னு உங்க அத்தை பரணிலிருந்து இஸ்திரிப் பெட்டியை இறக்கி என் மேசை மேல வெச்சிருக்கா. சுவிட்சையும் போட்டுட்டா.